இரண்டாவதாக வர மறுத்தவர்

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. நெதர்லாந்தின் தெற்கு மூலையில், லிம்பர்க் மாகாணத்தில், ஆம்ஸ்டெல் கோல்ட் ரேஸ் என்ற ஒருநாள் சைக்கிள் பந்தயம் நடந்த நாள். அதை நான் நேரலையில் பார்க்கவில்லை. அன்று காலையிலிருந்தே கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பு என்று குண்டு வெடித்த ஒவ்வொரு தேவாலயத்தின் பெயராகச் செய்தியில் வந்துகொண்டிருந்தது. மட்டக்களப்பில் இருக்கும் நண்பர் ஒருவருக்கு மாலை முழுக்கப் போன் போட்டுக்கொண்டே இருந்தேன். ராத்திரிதான் லைன் கிடைத்தது. குடும்பத்தோடு பத்திரமாக இருந்தார். சைக்கிள் பந்தயத்தைப் பற்றி நினைக்கிற நாளாக அது இல்லை.

செவ்வாய்க்கிழமை இரவுதான் கடைசி இருபது கிலோமீட்டரைப் போட்டுப் பார்த்தேன். யார் ஜெயித்தார் என்று அதற்குள் தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஈ.சி.ஆரில், சைக்கிள் ஓட்டும் இரண்டு பேர் அதைப் பற்றியே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். முடிவு தெரிந்தே பார்த்தும், இரண்டு கிலோமீட்டர் மிச்சமிருக்கும்போது என்னால் அந்த முடிவை நம்ப முடியவில்லை. திரையில் முன்னால் போய்க்கொண்டிருந்தவர்கள் பிரான்ஸின் ஜூலியன் அலாஃபிலிப்பும் டென்மார்க்கின் யாகோப் ஃபுல்சாங்கும். முப்பது கிலோமீட்டருக்கு மேலாக இருவரும் கூட்டத்தை விட்டுப் பிரிந்து தனியாக ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசி ஏற்றமான பெமெலர்பர்க்கும் தாண்டியாகிவிட்டது. இந்த இருவரில் ஒருவர்தான் ஜெயிக்கப்போகிறார் என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லும்.

அப்புறம் இருவரும் மெதுவானார்கள்.

ஃபுல்சாங் முன்னால் வந்து காற்றைத் தாங்க மறுத்தார். அலாஃபிலிப் திரும்பிப் பார்த்தார். "வா, உன் முறை" என்று கையைக் காட்டாத குறை. ஃபுல்சாங் அவர் பின் சக்கரத்தை விட்டு நகரவில்லை. "சரி, நீ இழுக்கவில்லை என்றால் நானும் இழுக்கவில்லை" என்று அலாஃபிலிப்பும் வேகத்தைக் குறைத்தார். கடைசி கிலோமீட்டர் நெருங்கும்போது போலந்தின் மிஹால் க்வியாட்கோவ்ஸ்கி பின்னாலிருந்து வந்து ஒட்டிக்கொண்டார். மூன்று பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், நெதர்லாந்து சாம்பியனின் சிவப்பு வெள்ளை நீலச் சட்டையில் மாத்யூ வான் டெர் போயல் ஒரு சிறு கூட்டத்தையே தன் முதுகில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். வந்தவர் மூச்சு வாங்க நிற்கவில்லை. அதே வேகத்தில் எல்லோரையும் தாண்டி, ஸ்பிரின்ட் எனும் கடைசிப் பாய்ச்சலையும் அடித்து முதலாவதாக வந்தார். முடிவுக் கோட்டைத் தாண்டியதும் தரையில் விழுந்து தலையில் கை வைத்துக் கிடந்தார். அவர் சக்கரத்தைப் பிடித்தபடியே வந்த ஆஸ்திரேலியர் சைமன் கிளார்க் இரண்டாவது, ஃபுல்சாங் மூன்றாவது. அலாஃபிலிப் நான்காவது.

2001இல் எரிக் டெக்கருக்குப் பிறகு நெதர்லாந்துக்காரர் யாரும் இந்தப் பந்தயத்தை ஜெயித்திருக்கவில்லை. வான் டெர் போயலின் அப்பா ஆட்ரி 1990இல் இதே பந்தயத்தை வென்றவர். ஆகவே ஐரோப்பாவே அந்தப் பையனைக் கொண்டாடியது, நியாயம்தான். எங்கள் சண்டை அவரைப் பற்றியது இல்லை. முன்னால் போன அந்த இரண்டு பேரில் தப்பு யார் மேல் என்பதுதான் சண்டை.

எங்களில் மூத்தவரை எல்லோரும் அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். முப்பது வருடமாகச் சைக்கிள் ஓட்டுகிறவர், கியர் இல்லாத வண்டியில் திருவண்ணாமலை வரை போய் வந்தவர். அவர் கட்சி, தப்பு அலாஃபிலிப் மேல். "ஸ்பிரின்ட்ல யாரு ஜெயிப்பான்? அலாஃபிலிப். அப்ப யாருக்கு அவசரம்? அவனுக்கு. ஆசைப்பட்டவன்தானே அலையணும்? மத்தவன் எதுக்கு இழுக்கணும்?" என்பார்.

இன்னொருவன் வயதில் சின்னவன், தம்பி. பந்தயங்களின் முடிவுகளையெல்லாம் விரல் நுனியில் வைத்திருப்பவன். அவன் கட்சி, தப்பு ஃபுல்சாங் மேல். "கைல இருந்த ரெண்டாவது இடத்தையும் விட்டாருண்ணா. ரெண்டு பேரும் சேர்ந்து இன்னும் ஒரே நிமிஷம் இழுத்திருந்தா போதும். இப்ப என்ன ஆச்சு? ஊர் ரெண்டுபட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம்."

முதலில் பார்த்தபோது நான் தம்பி பக்கம்தான் இருந்தேன். பார்க்கிறவனுக்கு அதுதான் தோன்றும். ஹெலிகாப்டர் படத்தில் பின்னால் வருகிற கூட்டமும் தெரிகிறது, முன்னால் திரும்பித் திரும்பிப் பார்க்கிற இருவரும் தெரிகிறார்கள். "போங்கடா, போங்கடா" என்று திரையைப் பார்த்துக் கத்தத் தோன்றுகிறது.

சைக்கிள் பந்தயம் அதிகம் பார்க்காதவர்களுக்கு ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இது தெரியாவிட்டால் இந்த விவாதமே அர்த்தமில்லாமல் போய்விடும். மணிக்கு 45, 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது காலின் பலம் பெரும்பாலும் காற்றைத் தள்ளுவதற்கே போகிறது. முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறார். பின்னால் ஒட்டி வருகிறவருக்கு அந்தக் கிழிசல் பாதை சும்மா கிடைக்கிறது. அதே வேகத்துக்கு அவர் மூன்றில் ஒரு பங்கு வரை குறைவான பலம் போட்டால் போதும். அதனால்தான் தனியாகப் பிரிந்து போகும் இருவர், எதிரிகளாகவே இருந்தாலும், மாறி மாறி முன்னால் வந்து இழுப்பார்கள். எங்கள் குழுவில் அதற்கு 'இழுப்பது' என்றுதான் பெயர். அரை நிமிடம் நீ, அரை நிமிடம் நான். இந்த ஒப்பந்தத்தை யாரும் எழுதி வைப்பதில்லை. எப்போது முறியும் என்பது மட்டும் இருவருக்கும் தெரியும். கோடு நெருங்க நெருங்க அது முறிந்தே ஆகவேண்டும், ஏனென்றால் முதலிடம் ஒன்றுதான்.

அந்த இருவரும் மெதுவானது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 50 கிலோமீட்டர் வேகத்தில் அரை நிமிட முன்னிலை என்றால் சாலையில் நானூறு மீட்டர் சொச்சம். முன்னால் இருப்பவர்கள் 35க்கு இறங்கி, பின்னால் வருபவர்கள் 55இல் வந்தால், அந்த நானூறு மீட்டர் கரைய ஒன்றேகால் நிமிடம்தான் ஆகும். அதாவது, பின்னால் வருபவர்கள் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓட்டினால் போதும். அரை நிமிடம் என்பது ஏதோ சொத்து மாதிரித் தெரிகிறது. இருவரும் சேர்ந்து மிதிக்கிற வரைதான் அது சொத்து.

முன்னால் இருக்கும் இருவருக்கு இந்தக் கணக்கு சரியாகக் கைக்கு வராது. மோட்டார் சைக்கிளில் ஒருவர் பலகையில் எழுதிக் காட்டுகிற நேரம் ஒரு நிமிடம் பழசு. காதிலுள்ள ரேடியோவில் வரும் செய்தியும் அப்படித்தான். இடைவெளி குறைந்தால் நடுவர்கள் அணிக் கார்களை நடுவிலிருந்து எடுத்துவிடுவார்கள். பின்னால் நம் காரைக் காணோம் என்றால் ஆள் பக்கத்தில் வந்துவிட்டான் என்று அர்த்தம். பழைய ஆட்கள் பலகையைவிட இதைத்தான் நம்புவார்கள். அதுவும் கடைசி இரண்டு கிலோமீட்டரில் பார்க்கப் பயன்படாது. அப்போது கண் முழுக்கப் பக்கத்தில் இருப்பவன் தோளில்தான் இருக்கும்.

நான் கட்சி மாறியது அதே வருடம் டிசம்பரில், முட்டுக்காடு பாலத்துக்கு முன்னால்.

மாமல்லபுரம் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். வாடைக்காற்று நேராக நெஞ்சில் அடித்தது. அண்ணா வேறு வேலை என்று முன்னாலேயே கிளம்பிவிட்டார். நானும் தம்பியும் மட்டும். வடநெம்மேலி வரை மாறி மாறி இழுத்தோம். திருவிடந்தை தாண்டியதும் அவன் முன்னால் வருவது குறைந்தது, கோவளத்துக்குப் பிறகு சுத்தமாக நின்றுவிட்டது. நான் தலையைக் குனிந்து மிதித்துக்கொண்டிருந்தேன். பின்னால் அவன் சைக்கிளின் பின் சக்கரத்திலிருந்து டிக்டிக்டிக் என்று ஒரு சத்தம். மிதிப்பதை நிறுத்தினால் மட்டும் வருகிற சத்தம் அது. என் தொடை எரிகிறது, காதில் காற்று இரைகிறது, அந்த இரைச்சலுக்குள்ளும் அந்த டிக்டிக் தெளிவாகக் கேட்கிறது. நான் உயிரைக் கொடுத்து மிதிக்கிற சாலையில் அவன் காலை ஆற்றிக்கொண்டு வருகிறான். பாலத்துக்கு இருநூறு மீட்டர் இருக்கும்போது டிக்டிக் நின்றது. அடுத்த நொடி என் வலது பக்கமாகத் தாண்டிப் போய்விட்டான். பாலத்தில் கையைத் தூக்கிக் காட்டினான்.

அடுத்த ஞாயிறும் அதே காற்று, அதே இடம். கோவளம் தாண்டியதும் நான் முன்னால் போகவில்லை. அவன் வேகத்தைக் குறைத்தான், நானும் குறைத்தேன். 30, 25, 20. கடைசியில் நடந்து போகிறவர்கள் எங்களைப் பார்த்துவிட்டுப் போகிற வேகம். கல்லூரிப் பையன்கள் நாலைந்து பேர் சாதாரண சைக்கிளில் எங்களைத் தாண்டிப் போனார்கள். "ஏண்ணா இழுக்க மாட்டேங்கறீங்க?" என்று கோபமாகக் கேட்டான்.

"நீதானே ஜெயிக்கப்போற? நீ இழு."

வாயிலிருந்து வந்த பிறகுதான் உறைத்தது. இது ஃபுல்சாங்கின் வாக்கியம். ஏப்ரலில் நான் திரையைப் பார்த்துத் திட்டிய அதே காரியம். அந்த நிமிடம் பின்னால் வந்த கல்லூரிப் பையன்கள் எனக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. இவன் இன்னொரு தடவை என் தோளைத் தாண்டிப் போகக்கூடாது, அவ்வளவுதான் மனசில் இருந்தது.

வீட்டுக்கு வந்து ஃபுல்சாங்கின் பழைய பந்தயங்களைத் தோண்ட ஆரம்பித்தேன்.

2016 ஆகஸ்ட் 6, ரியோ ஒலிம்பிக் சாலைப் பந்தயம். போலந்தின் ரஃபால் மைக்கா தனியாக முன்னால் போய்க்கொண்டிருக்கிறார். ஃபுல்சாங்கும் பெல்ஜியத்தின் கிரெக் வான் அவர்மாட்டும் கூட்டத்தை விட்டுப் பிரிந்து வந்து, கோபகபானா கடற்கரைச் சாலையில் அவரை எட்டிப் பிடிக்கிறார்கள். மூவரில் ஸ்பிரின்டில் வேகமானவர் வான் அவர்மாட் என்பது ஊருக்கே தெரியும். ஃபுல்சாங்குக்கும் தெரியும். ஆனாலும் இழுத்தார், ஏனென்றால் பதக்கம் வேண்டும். வான் அவர்மாட்டுக்குத் தங்கம், ஃபுல்சாங்குக்கு வெள்ளி.

2019 மார்ச் 9, இத்தாலியின் வெள்ளை மண் சாலைகளில் நடக்கும் ஸ்ட்ராடே பியான்கே. கடைசியில் அதே அலாஃபிலிப்போடுதான் பிரிந்து போனார். சியெனா ஊருக்குள் ஏறும் செங்குத்தான சந்து வரை வேலையைப் பகிர்ந்துகொண்டார்கள். சந்தில் அலாஃபிலிப் உதறிவிட்டுப் போனார். ஃபுல்சாங் மறுபடி இரண்டாவது.

ஆறு வாரம் கழித்து, லிம்பர்க்கில், அதே ஆளோடு அதே நிலைமை. ஃபுல்சாங்குக்கு அப்போது வயது 34. எத்தனை ஏப்ரல் இன்னும் மிச்சமிருக்கும்? ஒழுங்காகப் பாதி வேலை செய்தால் என்ன கிடைக்கும் என்று அவருக்கு ஏற்கெனவே தெரியும். இரண்டு தடவை செய்து பார்த்தாகிவிட்டது.

தம்பியோடு உட்கார்ந்து இதைக் கணக்காகவே பேசினேன். இழுத்துக்கொண்டு போனால் ஃபுல்சாங் ஜெயிக்க நூற்றுக்குப் பத்து வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். அலாஃபிலிப் அந்த வருடம் இத்தாலியின் மிலான்–சான்ரெமோ பந்தயத்தையே ஸ்பிரின்டில் வென்றவர், பத்துகூட அதிகம். இழுக்காமல் பின்னால் உட்கார்ந்தால் அலாஃபிலிப் ஒன்று பயந்துபோய்த் தனியாக இழுத்துக் களைப்பார், அல்லது இருவரும் பிடிபடுவார்கள். பிடிபடாமல் போனால் ஃபுல்சாங்குக்கு நாற்பதோ ஐம்பதோ. பிடிபட்டால் அநேகமாக ஒன்றுமில்லை. பிடிபடுவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றாலும், உட்கார்வதுதான் அவருக்கு லாபம். "இரண்டாவது இடம் போயிடுமே" என்றான் தம்பி. மூன்று வார டூர் பந்தயத்தில் இரண்டாவது இடத்துக்கு மதிப்பு உண்டு. ஒருநாள் பந்தயத்தில் யார் இரண்டாவது என்று அடுத்த வருடம் எவரும் கேட்கப்போவதில்லை. வெள்ளிப் பதக்கம் தருகிற ஒலிம்பிக் வேறு, ஆம்ஸ்டெல் வேறு. ரியோவில் அவர் இழுத்ததும் சரி, லிம்பர்க்கில் இழுக்காததும் சரி என்பதுதான் என் கட்சி.

அண்ணா இதைக் கேட்டுவிட்டு 2015ஐ எடுத்தார். அவர் வாதம் எப்போதும் அங்கேதான் போய் நிற்கும்.

2015 பிப்ரவரி கடைசி சனிக்கிழமை, பெல்ஜியத்தில் சீசனைத் தொடங்கி வைக்கும் ஓம்லூப் பந்தயம், அப்போது கென்ட் நகரில் முடிந்தது. நாற்பது கிலோமீட்டர் இருக்கும்போது நாலு பேர் பிரிந்தார்கள். அதில் மூன்று பேர் ஒரே அணி: டாம் போனன், நிக்கி டெர்ப்ஸ்ட்ரா, ஸ்டைன் வாண்டன்பெர்க். போனன் பாரிஸ்–ரூபே என்ற பெரிய ஒருநாள் பந்தயத்தை நாலு முறை வென்றவர், டெர்ப்ஸ்ட்ரா அதே பாரிஸ்–ரூபேயை முந்தைய ஆண்டு வென்றவர். நாலாவது ஆள் இங்கிலாந்தின் இயன் ஸ்டானர்ட், தனி ஆள். மூன்றுக்கு ஒன்று. இதைவிடச் சுலபமான சூழ்நிலையைப் பள்ளிக்கூடப் பாடமாகக்கூட எழுத முடியாது. ஒருவர் மாற்றி ஒருவர் தாக்கினால், அதாவது திடீரென்று வேகமெடுத்துப் பிரிந்தால் போதும், ஒவ்வொரு தடவையும் ஸ்டானர்ட்தான் துரத்த வேண்டும், மற்ற இருவர் அவர் பின்னால் ஓசியில் வரலாம். மூன்றாவது தாக்குதலில் ஆள் காலி.

நடந்தது தலைகீழ். பின்னால் வான் அவர்மாட்டும் செப் வான்மார்க்கும் துரத்திக்கொண்டிருந்தார்கள். தாக்குதல் ஆரம்பித்தால் வேகம் குலையும், அவர்கள் வந்து சேர்ந்துவிடுவார்கள் என்ற பயத்தில் மூவரும் சேர்ந்து இழுத்தார்கள். ஸ்டானர்ட் முன்னால் வர மறுத்துப் பின்னாலேயே உட்கார்ந்தார். "நீங்கள் மூன்று பேர், நான் ஏன் இழுக்க வேண்டும்?" யாரும் அதைத் தப்பு சொல்ல முடியாது. கடைசி ஐந்து கிலோமீட்டர் வாக்கில் போனன் தாக்கியபோது நால்வரில் புதுக் காலோடு இருந்தவர் ஸ்டானர்ட்தான். துரத்திப் பிடித்தார். அப்புறம் அவரே தாக்கினார். போனன் உதிர்ந்தார். கடைசியில் டெர்ப்ஸ்ட்ராவை ஸ்பிரின்டில் முந்தி ஸ்டானர்ட் வென்றார். இரண்டு, மூன்று, நாலு என்று வரிசையாக அந்த அணி.

பெல்ஜியமே கொதித்தது. முட்டாள்தனம் என்றார்கள். அண்ணா இன்று வரை அதை ஒப்புக்கொள்ள மாட்டார். "மூணு பேரு இருந்தா பலம்னு எல்லாரும் நெனைக்கறாங்க. மூணு பேரு இருந்தா கடமைடா. பின்னாடி எவன் வந்தாலும் பழி அவங்க மேல. ஒத்தை ஆளுக்கு என்ன பழி? உக்காந்து வரலாம்."

நான் அதில் ஒன்று சேர்ப்பேன். மூவரில் முதலில் தாக்கியிருக்க வேண்டியவர் போனன் இல்லை. ஸ்பிரின்டில் வேகமானவரைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு மற்ற இருவரைத்தான் முதலில் அனுப்ப வேண்டும். ஏன் அப்படிச் செய்யவில்லை என்பதற்கு எனக்கு ஒரு ஊகம் உண்டு. பெல்ஜியப் பந்தயங்களில் அநேகமாக எல்லாவற்றையும் வென்ற போனன் ஓம்லூப்பை மட்டும் வென்றதே இல்லை. 2012இல் வான்மார்க்கிடம் ஸ்பிரின்டில் தோற்று இரண்டாவதாக வந்தார். அணியில் எல்லோருக்கும் அவர் மேல் பிரியம். அவர் ஜெயிக்கட்டும் என்ற ஆசை கணக்கை மறைத்துவிட்டது என்று நினைக்கிறேன். 2017இல் ஓய்வு பெறும் வரை அந்தப் பந்தயம் அவருக்குக் கிடைக்கவே இல்லை. அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் போனன் பின்னால் உதிர்கிற இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கும்.

"அதேதான் இங்கேயும்" என்பார் அண்ணா. "யாரு பெரிய ஆளோ அவன் மேலதான் கடமை. அங்க மூணு பேரு, இங்க அலாஃபிலிப். அவன் இழுத்திருக்கணும்."

எனக்கு அதிலும் முழுச் சம்மதம் இல்லை. அலாஃபிலிப் நிலைமையில் யோசித்துப் பாருங்கள். நாலு நாள் முன்னால்தான், பிராபன்ட் பந்தயத்தில், இதே வான் டெர் போயலிடம் ஸ்பிரின்டில் தோற்று இரண்டாவதாக வந்தவர். பின்னாலிருந்து யாராவது வந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் முன்னால் இழுத்தபடியே கடைசி முந்நூறு மீட்டருக்கு வந்தால், பின்னால் கால் ஆறிய ஃபுல்சாங்கிடம் தோற்க வேண்டியிருக்கும். அவருக்கும் பிடிபடுவதும் ஃபுல்சாங்கிடம் தோற்பதும் ஒன்றுதான். இரண்டு பேரும் தத்தமக்குச் சரியானதைச் செய்தார்கள், இரண்டு பேரும் தோற்றார்கள். தப்பைத் தேடித் தேடி எனக்குத் தப்பு கிடைக்கவில்லை.

வான் டெர் போயலிடம் வருகிறேன். எங்கள் விவாதத்தில் அவரை யாரும் சரியாகப் பார்க்கவில்லை என்று எனக்கு வருத்தம். அவர் இருந்த கூட்டத்திலும் அதே கேள்விதான் இருந்தது: நான் ஏன் இழுக்க வேண்டும், பின்னால் வருபவன் என்னைத் தாண்டிப் போவதற்கா? அந்தக் கேள்விதான் துரத்துகிற கூட்டங்களைக் கொல்லும். நூற்றில் தொண்ணூறு பந்தயத்தில் முன்னால் போனவர்கள் தப்பிப்பது அவர்கள் பலத்தால் மட்டும் இல்லை, பின்னால் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பதாலும்தான். அலாஃபிலிப்பும் ஃபுல்சாங்கும் அதை நம்பித்தான் மெதுவானார்கள். நியாயமான நம்பிக்கை. வான் டெர் போயல் மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. நாற்பது கிலோமீட்டருக்கு மேல் மிச்சமிருக்கும்போதே ஒரு தடவை தாக்கிப் பிடிபட்டவர். களைத்திருக்க வேண்டியவர். ஆனாலும் முன்னால் போய் நின்று இழுத்தார். இழுத்து முடித்த பிறகு ஸ்பிரின்டும் அடித்தார். கிளார்க் அவர் பின்னால் ஒட்டியே வந்து, ஒதுங்கித் தாண்டப் பார்த்தும் முடியாமல் இரண்டாவதானார். இழுத்தவன் தோற்பான் என்பதுதான் நாங்கள் மூன்று பேரும் ஒத்துக்கொண்ட ஒரே விதி. அதை அவர் காலால் உடைத்துவிட்டார்.

அவர் தாத்தா ரேமோன் புலிடோர். டூர் டி பிரான்ஸில் எட்டு முறை முதல் மூன்று இடங்களுக்குள் வந்தும் முன்னிலையில் இருப்பவருக்குத் தரும் மஞ்சள் சட்டையை ஒரு நாள்கூட அணியக் கிடைக்காதவர். பிரான்ஸில் 'என்றென்றும் இரண்டாவது' என்று பெயர் வாங்கியவர். பேரன் ஆம்ஸ்டெலை வென்ற அதே வருடம் நவம்பரில் இறந்தார். இரண்டாவது இடம் ஒரு மனிதனின் பெயராகவே மாறும் என்பதைப் புலிடோர் குடும்பத்தைவிட யார் அறிவார்?

அந்த ஏப்ரல் வாரம் ஆம்ஸ்டெலோடு முடியவில்லை. புதன்கிழமை 24ஆம் தேதி, பெல்ஜியத்தில் ஃப்ளெஷ் வலோன். ஊய் ஊரின் சுவர் மாதிரியான ஏற்றத்தில் முடிகிற பந்தயம். கடைசி மீட்டர்களில் மறுபடி அந்த இருவர் மட்டும். அலாஃபிலிப் முதல், ஃபுல்சாங் இரண்டாவது. இதை யாரோ கதையாக எழுதிக் கொடுத்திருந்தால் மிகை என்று சொல்லியிருப்பேன்.

ஞாயிறு 28ஆம் தேதி லீயேஜ்–பாஸ்டோன்–லீயேஜ். 256 கிலோமீட்டர், மழை, குளிர். இதை நாங்கள் மூவரும் நேரலையில், அண்ணா வீட்டு முன்னறையில் சேர்ந்து பார்த்தோம். ரோஷ்-ஓ-ஃபோகோன் ஏற்றத்தில் ஃபுல்சாங் தாக்கினார். அலாஃபிலிப் அன்று ஏற்கெனவே களைத்துவிட்டிருந்தார், ஒட்ட முடியவில்லை. இத்தாலியின் டாவிடே ஃபார்மோலோ மட்டும் கொஞ்ச தூரம் கூடவே வந்தார், பிறகு அவரும் விடுபட்டார். முன்னால் ஃபுல்சாங் தனி ஆள். யார் தோளையும் பார்க்க வேண்டாம், யாரிடமும் "உன் முறை" என்று சொல்ல வேண்டாம்.

அப்புறம் அந்த இறக்கம். ஈரத் தார். ஒரு வளைவில் அவர் பின் சக்கரம் வழுக்கிச் சைக்கிள் குறுக்கே திரும்பியது. அண்ணா சோஃபாவிலிருந்து எழுந்தே விட்டார். வீட்டுக்குள்ளிருந்து அண்ணி "என்னங்க, என்ன ஆச்சு?" என்று ஓடி வந்தார். விழவேண்டிய ஆள் விழவில்லை. எப்படியோ சைக்கிளை நிமிர்த்தி, சாலையோரம் வரை போய்த் திரும்பி வந்து மிதிக்க ஆரம்பித்தார். லீயேஜ் நகருக்குள் தனியாக வந்தார். ஃபார்மோலோ 27 விநாடி பின்னால். ஃபுல்சாங் வென்ற முதல் பெரும் ஒருநாள் பந்தயம் அது. கோட்டுக்கு முன்னால் இருமுறை திரும்பிப் பார்த்தார் என்று ஞாபகம். சாலை காலியாக இருந்தது.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அண்ணி டீ கொண்டு வந்து வைத்தார். தம்பிதான் ஆரம்பித்தான். "சரிண்ணா, ஒரு பேச்சுக்கு. அந்த ஏத்தத்துல ஃபார்மோலோ விடுபடாம கூடவே வந்திருந்தா? இன்னிக்கு இழுத்திருப்பாரா, ஆம்ஸ்டெல் மாதிரி உக்காந்திருப்பாரா?"

"இழுத்திருப்பான்" என்றார் அண்ணா. "ஃபார்மோலோவ ஸ்பிரின்ட்ல அடிச்சுடலாம்னு அவனுக்குத் தெரியும்."

"அப்ப ஃபார்மோலோ இழுத்திருக்க மாட்டாருல்ல?"

அண்ணா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.